சிமோன் சின்யோரே: வயதை ஒளிக்காத நடிகை

1971ஆம் ஆண்டு பெர்லின் திரைப்பட விழாவில் ‘பூனை’ என்ற பிரெஞ்சுப் படத்தில் நடித்ததற்காக ழான் கபேனும் சிமோன் சின்யோரேயும் சிறந்த நடிகர், சிறந்த நடிகைக்கான வெள்ளிக்கரடி விருதுகளைப் பெற்றார்கள். பாரிஸின் விளிம்பில், சுற்றிலும் பழைய வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருக்கும் தெருவொன்றில், ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும் பேச்சை முறித்துக்கொண்ட முதிய கணவன் மனைவியின் கதை அது. சொல்லவேண்டியதைக் கணவன் துண்டுச்சீட்டில் எழுதி மனைவி பக்கம் சுண்டிவிடுகிறான். அவனுடைய பிரியம் முழுவதையும் பறித்துக்கொண்ட பூனையை அவள் கொன்றுவிடுகிறாள். கபேன் அறுபத்தைந்தைக் கடந்தவர் என்பதால் வேடம் அவருக்கு இயல்பாகவே பொருந்தியது. சின்யோரேக்கு அப்போது 50 வயதுதான். தளர்ந்த கன்னமும் கனத்த உடலும் காலைச் சாய்த்து நடக்கும் நடையுமாக வரும் அந்தக் கிழவியைப் பார்க்கிறவர்களுக்கு, 19 ஆண்டுகளுக்கு முன் பிரெஞ்சுத் திரையின் பேரழகிகளில் ஒருவராகக் கொண்டாடப்பட்டவர் இவர்தானா என்று ஐயம் எழுவது இயற்கை.

இந்த மாற்றத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு. கணவர் ஈவ் மோந்தானுக்கும் மர்லின் மன்றோவுக்கும் இடையே 1960இல் ஏற்பட்ட உறவு அவரை உடைத்துவிட்டது என்பது ஒன்று; மதுவும் புகையும் அவரை முன்கூட்டியே முதுமையில் தள்ளின என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் இவை அவருடைய முகத்தை விளக்குமே தவிர, அந்த முகத்தை அவர் என்ன செய்தார் என்பதை விளக்கமாட்டா. பிற நடிகைகள் ஒப்பனையாலும் ஒளியமைப்பாலும் மறைத்துப் பாதுகாத்த ஒன்றை அவர் தெரிந்தே கேமராவின் முன் வைத்தார். நாற்பதைத் தாண்டிய நடிகைக்கு அம்மா வேடத்தைத் தவிர வேறு எதையும் யோசிக்காத ஒரு தொழிலில், தன் மிகச் சிறந்த பாத்திரங்களில் பாதிக்குமேல் அந்த வயதுக்குப் பிறகே அவர் ஏற்றார். இது எப்படிச் சாத்தியமாயிற்று என்பதை அறிய, அவர் திரைக்கு வந்த வழியைப் பார்க்கவேண்டும்.

அவர் பிறந்தது 1921 மார்ச் 25 அன்று, ஜெர்மனியின் வீஸ்பாடன் நகரில். முதல் உலகப்போருக்குப் பின் ரைன்லாந்தில் நிறுத்தப்பட்டிருந்த பிரெஞ்சுப் படையில் தந்தை பணியாற்றிக்கொண்டிருந்த காலம் அது. தந்தை ஆந்த்ரே காமின்கெர் போலந்து வழிவந்த யூதக் குடும்பத்தைச் சேர்ந்தவர். பன்மொழிப் புலமை மிக்கவர். உடனுக்குடன் மொழிபெயர்க்கும் கலையைத் தொழிலாக வளர்த்த முன்னோடிகளில் ஒருவர். 1934இல் நியூரம்பர்க்கில் ஹிட்லர் ஆற்றிய உரையைப் பிரெஞ்சு வானொலிக்கு அப்போதைக்கப்போது மொழிபெயர்த்துச் சொன்னவரும் அவரே. குடும்பம் பாரிஸை ஒட்டிய நெய்யி என்னும் வசதியான புறநகரில் வாழ்ந்தது. பிரான்ஸ் 1940இல் ஜெர்மனியிடம் வீழ்ந்ததும் தந்தை லண்டனுக்குச் சென்று, அங்கிருந்து போரைத் தொடர்ந்த தளபதி தெகோலின் பக்கம் சேர்ந்துகொண்டார். தாயையும் இரண்டு தம்பிகளையும் காப்பாற்றும் பொறுப்பு 19 வயதுப் பெண்ணின் தலையில் விழுந்தது.

அவருக்குக் கிடைத்த வேலை ஒரு நகைமுரண். ஜெர்மானியருக்கு ஒத்துழைத்த ‘புதிய காலம்’ என்ற நாளிதழின் அலுவலகத்தில் அவர் செயலராகச் சேர்ந்தார். அதை நடத்திய ழான் லுஷேர் போர் முடிந்தபின் 1946இல் துரோகக் குற்றத்துக்காகச் சுட்டுக் கொல்லப்பட்டார். தந்தை லண்டனிலும் மகள் பகைவனின் தோழர் அலுவலகத்திலுமாக இருந்த இந்த நிலையைச் சின்யோரே பிற்காலத்தில் மூடி மறைக்கவில்லை. தன்னைப் போராளியாகக் காட்டிக்கொள்ளவும் அவர் முயன்றதில்லை. பசிக்கு வேலை தேடிய ஒரு பெண் எங்கே கிடைத்ததோ அங்கே சேர்ந்தாள் என்றே நினைவுக்குறிப்பில் எழுதினார். நாட்டில் பாதிப்பேர் தாங்கள் நாஜி எதிர்ப்பியக்கத்தில் இருந்ததாகப் பின்னால் சொல்லிக்கொண்ட காலத்தில் இந்த நேர்மைக்கு மதிப்பு அதிகம்.

அந்த அலுவலகத்திலிருந்து அவரை வெளியே இழுத்தது பாரிஸின் இடதுகரையிலுள்ள கஃபே ட ஃப்ளோர். எழுத்தாளர்களும் ஓவியர்களும் வேலையற்ற நடிகர்களும் கூடிய அந்த உணவகத்தில் 1941இல் அவர் நுழைந்தார். நான் பிறந்தது அங்கேதான் என்று சொல்லுமளவுக்கு அந்த வட்டாரம் அவரை மாற்றியது. நடிக்கும் ஆசையும் அங்கேதான் பிடித்தது. ஆனால் ஆக்கிரமிப்புக் காலத்தில் திரைத்துறையில் வேலை செய்ய அனுமதி அட்டை வேண்டும். தந்தை யூதர் என்பதால் அந்த அட்டை அவருக்குக் கிடைக்க வழியில்லை. ஆகவே தாயின் பிறந்தவீட்டுப் பெயரான சின்யோரேயைச் சூட்டிக்கொண்டு, கூட்டத்தில் ஒருவராக நிற்கும் சிறுவேடங்களில் நடித்தார். மார்செல் கார்னே 1942இல் எடுத்த படத்தில் அரண்மனை விருந்தில் நிற்கும் முகங்களுள் அவருடையதும் ஒன்று. பிற்காலத்தில் உலகம் அறிந்த பெயர், அடையாள அட்டை கேட்கும் ஆட்களிடமிருந்து ஒளிவதற்காக ஏற்ற பெயர்.

போர் முடிந்ததும் வாழ்க்கை வேகம் பிடித்தது. இயக்குநர் ஈவ் அலெக்ரேயுடன் வாழத் தொடங்கினார். 1946இல் மகள் காத்ரின் பிறந்தாள். 1948இல் திருமணம் நடந்தது. ‘மகாடம்’ படத்துக்காக வளரும் நடிகைக்கான விருது கிடைத்தது. அலெக்ரே இயக்கிய ‘ஆன்ட்வெர்ப்பின் தேதே’ (1948) அவரை நட்சத்திரமாக்கியது. துறைமுக மதுக்கடையில் உடலை விற்றுப் பிழைக்கும் பெண் வேடம் அதில் அவருக்கு. அதற்குப் பிறகு மாக்ஸ் ஓஃபுல்ஸின் ‘லா ரோந்த்’ (1950) படத்திலும் விலைமகள் வேடமே. இப்படி ஒரே அச்சில் வார்க்கப்படுவது பல நடிகைகளின் தொழிலை முடித்திருக்கிறது. சின்யோரே அந்த அச்சை உடைக்காமலே அதனுள் வேறொன்றைச் செய்தார். அவருடைய விலைமகள்கள் இரக்கத்தைக் கேட்பதில்லை, திருந்துவதாக வாக்களிப்பதும் இல்லை. தங்களுக்கு என்ன வேண்டும் என்பதை அறிந்தவர்களாக அவர்கள் வருகிறார்கள்.

அதன் உச்சம் ழாக் பெக்கே இயக்கிய ‘பொன்முடி’ (1952). பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பாரிஸின் பெல்வில் பகுதியில் திரிந்த ரவுடிக் கும்பல்களுக்கு இடையே உண்மையில் வாழ்ந்த ஒரு பெண்ணின் கதையைத் தழுவிய படம் இது. பொன்னிறக் கூந்தலை உச்சியில் குவித்துக் கட்டிய மாரி என்ற பெண்ணாக அவர் நடித்தார். ஆற்றங்கரை நடனக்கூடத்தில் வரும் தொடக்கக் காட்சி ஒன்றைக் கவனித்துப் பார்ப்பது நல்லது. மாரி தன் ஆளுடன் வால்ட்ஸ் ஆடுகிறாள். சற்றுத் தள்ளி, தச்சுவேலை செய்யும் மாந்தா நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். இணை சுழலச் சுழல அவள் முகம் மறைந்து மறைந்து திரும்புகிறது. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் ஆடுகிறவனின் தோளுக்குமேலே அவள் கண் மாந்தாவையே தேடிப்பிடிக்கிறது. அந்தக் காட்சியில் காதலைச் சொல்லும் வசனம் ஒன்றுகூட இல்லை. அதே படத்தின் முடிவில் மாந்தா கில்லட்டினில் தலை வெட்டப்படுவதைப் பார்ப்பதற்காகவே எதிரே ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, சன்னலருகே விடியும்வரை அவள் காத்திருக்கிறாள். அழுகையும் அலறலும் இல்லை. தலை சற்றே சாய்கிறது, அவ்வளவுதான். கேமராவின் முன் குறைவாகச் செய்து நிறையச் சொல்லும் அவருடைய முறை இந்தப் படத்தில் முழுமையாக உருப்பெற்றுவிட்டது. அந்த அடித்தொண்டைக் குரலும், பேச்சில் இழையும் மெல்லிய மழலையும், பாதி மூடிய கனத்த இமைகளும் அதற்குத் துணைநின்றன.

பிரான்சில் படம் வெளியானபோது எடுபடவில்லை என்பது இன்று நம்பக் கடினமாக இருக்கிறது. பிரிட்டனில்தான் அது பாராட்டப்பட்டது. அங்குள்ள திரைப்படக் கழகம் சிறந்த வெளிநாட்டு நடிகைக்கான விருதை அவருக்குக் கொடுத்தது. சொந்த ஊரில் கிடைக்காத மதிப்பு கடல்தாண்டிக் கிடைத்த இந்த அனுபவம் அவருக்கு மறுபடியும் நேரும்.

இதற்குள் அவருடைய வாழ்க்கை திசைமாறியிருந்தது. 1949 ஆகஸ்டில் தென்பிரான்சின் செயின்ட் பால் த வான்ஸ் ஊரிலுள்ள ‘பொற்புறா’ விடுதியில் பாடகர் ஈவ் மோந்தானை அவர் சந்தித்தார். இத்தாலியிலிருந்து பிழைக்கவந்த ஏழைத் தொழிலாளியின் மகனான மோந்தான் மார்செய் துறைமுகத்தில் வளர்ந்தவர்; பாடகி எடித் பியாஃப் அடையாளம் கண்டு மேலேற்றிய பாடகர். சின்யோரே அலெக்ரேயை விட்டு வெளியேறினார். 1951 டிசம்பரில் அதே ஊரில் இருவரும் மணந்துகொண்டபோது கவிஞர் ழாக் பிரேவேர் சாட்சியாக நின்றார். அடுத்த சில ஆண்டுகளில் சின்யோரே நடித்த படங்கள் சொற்பம். மோந்தானின் கச்சேரிப் பயணங்களில் கூடவே இருக்கவேண்டும் என்பதற்காக வாய்ப்புகளைத் தட்டிக்கழித்தார். தொழிலில் உச்சத்தில் இருந்த ஒரு நடிகை, அரங்கத்தின் பக்கவாட்டில் நின்று கணவர் பாடுவதைக் கேட்பதையே பெரிதாக நினைத்தது இன்றைய வாசகருக்கு உறுத்தலாம். ஆனால் இதன் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும்: நட்சத்திர அந்தஸ்தை அவர் இழக்கக்கூடாத சொத்தாக ஒருபோதும் நினைத்ததில்லை. இழக்கப் பயமில்லாதவருக்குத்தான் பின்னால் முதுமையை ஏற்பது எளிதாயிற்று.

அந்த ஆண்டுகளில் வந்த படங்களும் எண்ணிக்கையில் குறைந்தாலும் எடையில் குறையவில்லை. கார்னேயின் ‘தெரேஸ் ரகேன்’ (1953), ஆன்ரி ஜார்ஜ் கிளூசோவின் ‘லே தியாபோலிக்’ (1955) ஆகியவை இரண்டிலும் அவர் கொலைக்குத் துணைபோகும் பெண். கிளூசோவின் படத்தில் கறுப்புக் கண்ணாடியும் குட்டையாக வெட்டிய முடியுமாக, உறைவிடப் பள்ளி ஆசிரியையாக வரும் சின்யோரேயின் அலட்டலற்ற நிதானமே பார்வையாளரின் வயிற்றைக் கலக்கும்.

மோந்தானோடு சேர்ந்து அரசியலும் வந்தது. இருவரும் கம்யூனிஸ்ட் கட்சியின் உறுப்பினர் அட்டை வாங்கியதில்லை. ஆனால் கட்சிக்கு மிக நெருக்கமாக இருந்தார்கள். அணுகுண்டை எதிர்க்கும் ஸ்டாக்ஹோம் வேண்டுகோளில் 1950இல் கையொப்பமிட்டார்கள். அதன் விளைவாக அமெரிக்க நுழைவு அனுமதி பல ஆண்டுகள் மறுக்கப்பட்டது. அமெரிக்க நாடகாசிரியர் ஆர்தர் மில்லர், மெக்கார்த்தி காலத்துக் கம்யூனிஸ்ட் வேட்டையை மனத்தில் வைத்து எழுதிய ‘சேலம் சூனியக்காரிகள்’ (இந்தச் சேலம் அமெரிக்க ஊர்) நாடகத்தை 1954 டிசம்பரில் பாரிஸ் மேடையில் இருவரும் கணவன் மனைவியாகவே நடித்தார்கள். சோவியத்துக்கு உளவு பார்த்ததாக அமெரிக்காவில் தண்டிக்கப்பட்ட ரோசன்பர்க் தம்பதி மின்நாற்காலியில் கொல்லப்பட்டு ஒன்றரை ஆண்டே கடந்திருந்ததால், பார்வையாளர்கள் அதைப் பழங்கதையாகப் பார்க்கவில்லை. நாடகம் தத்துவவாதி சார்த்தரின் திரைக்கதையில் படமாகவும் வந்தது. அதற்கும் பிரிட்டிஷ் விருது கிடைத்தது.

அந்தப் படம் முடிந்த 1956ஆம் ஆண்டின் இறுதியில் அவர்கள் எடுத்த ஒரு முடிவு கடைசிவரை அவர்களைத் துரத்தியது. ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில் எழுந்த கிளர்ச்சியைச் சோவியத் டாங்கிகள் நசுக்கியிருந்த நேரம் அது. முன்பே ஒப்புக்கொண்ட சோவியத் கச்சேரிப் பயணத்தை மோந்தான் ரத்துசெய்வாரா என்று பிரான்சே பார்த்துக்கொண்டிருந்தது. போனால் கொலைகாரர்களுக்கு மாலை சூட்டியதாகும், போகாவிட்டால் வலதுசாரிகளின் மிரட்டலுக்குப் பணிந்ததாகும் என்ற நெருக்கடியில், போனார்கள். மாஸ்கோவில் சோவியத் தலைவர் குருஷ்சேவ் கச்சேரிக்கு வந்து, பின்பு மோலதோவ், மிகோயான் உள்ளிட்ட தலைவர்களோடு இவர்களை விருந்துக்கு அழைத்தார். அந்த மேசையிலேயே புடாபெஸ்டைப் பற்றிக் கேட்டார்கள். நீண்ட வாக்குவாதமே நடந்தது. சின்யோரே பிற்காலத்தில் இதை விரிவாக எழுதியபோது தங்களை வீரர்களாகச் சித்திரிக்கவில்லை. கேட்டது உண்மைதான், ஆனால் விருந்து மேசையில் கேட்ட கேள்வி வெளியில் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. அவர்கள் பார்த்தது கைகுலுக்கும் புகைப்படங்களை மட்டுமே. அந்தப் பயணம் பிழை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆயினும் அந்தப் பிழைதான் ‘ஒப்புதல் வாக்குமூலம்’ என்ற படத்துக்கு அவரைத் தயார்செய்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அதற்குப் பிறகு வருவோம்.

1958இல் பிரிட்டிஷ் இயக்குநர் ஜாக் கிளேட்டன் ‘ரூம் அட் த டாப்’ படத்துக்காக அவரை அழைத்தார். வடஇங்கிலாந்தின் ஆலைநகரம் ஒன்றில், பணக்கார வீட்டுப் பெண்ணை மணந்து மேலேறத் துடிக்கும் ஜோ லாம்ப்டன் என்ற இளைஞன், கணவனோடு ஒட்டாமல் வாழும் ஆலிஸ் என்ற மூத்த பெண்ணைக் காதலித்துக் கைவிடுகிறான். லாரன்ஸ் ஹார்வி ஜோவாக நடித்தார். ஆலிஸ் படத்தில் பிரெஞ்சுக்காரியாக ஆக்கப்பட்டாள். அதனால் அந்த ஊரில் அவள் இரட்டிப்பாக அந்நியளானாள். படமெடுக்கும்போது சின்யோரேக்கு 37 வயது. அவருடைய கண்ணுக்குக் கீழ் சுருக்கங்களைக் கேமரா மறைக்கவில்லை. பிரிஜித் பர்தோவின் இளமையே பிரெஞ்சுப் பெண்மையின் முகம் என்று உலகம் எங்கும் சுவரொட்டிகள் சொல்லிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. அந்த நேரத்தில் தேய்மானமும் அறிவும் காமமும் ஒருசேரத் தெரியும் ஒரு முகத்தைத் திரையில் கண்டது பலருக்குப் புதிது. காதலன் தன்னை விட்டுவிட்டுப் போகப்போகிறான் என்பதை அவன் வாய்திறப்பதற்கு முன்பே அவள் அறிந்துவிடும் காட்சியில், அந்தச் சுருக்கங்களுக்குத்தான் பாதி நடிப்பு.

கான் விழா விருது, மூன்றாவது முறையாகப் பிரிட்டிஷ் விருது, பின்பு 1960 ஏப்ரல் 4 அன்று சிறந்த நடிகைக்கான ஆஸ்கர். போட்டியில் இருந்தவர்கள் இரண்டு ஹெப்பர்ன்கள், எலிசபெத் டெய்லர், டோரிஸ் டே. பாரிஸுக்கு அருகில் பிறந்து சிறுவயதிலேயே அமெரிக்காவுக்குப் போய்விட்ட குளோதெத் கோல்பெர் 1935இல் அதை வாங்கியிருந்தாலும், பிரான்சில் நடிகையாக உருவானவர்களில் சின்யோரேதான் முதலில் அதைப் பெற்றார். நேற்றுவரை நாட்டுக்குள் நுழையவே அனுமதி மறுக்கப்பட்ட ஒருவருக்கு ஹாலிவுட் எழுந்து நின்று கைதட்டியது. பரிசு கிடைத்ததும் வந்து குவிந்த அமெரிக்க வாய்ப்புகளில் பெரும்பாலானவற்றை அவர் ஏற்காமல் ஊர் திரும்பினார்.

மன்றோ கதை இதற்கிடையில் நடந்தது. மோந்தானும் மன்றோவும் சேர்ந்து நடித்த படத்துக்காக இரு தம்பதிகளும் பெவர்லி ஹில்ஸ் விடுதியில் அடுத்தடுத்த பங்களாக்களில் தங்கியிருந்தார்கள். மன்றோவின் கணவர் ஆர்தர் மில்லர் என்பதால் பழைய அறிமுகமும் இருந்தது. சின்யோரே தன் நினைவுக்குறிப்பில் இதைப் பற்றி எழுதும் பகுதியில் பெரும்பங்கு தலைமுடிக்குச் சாயம் போடுவதைப் பற்றியது. அந்தக் காலத்து நட்சத்திரம் ஜீன் ஹார்லோவுக்குச் சாயம் போட்டுவந்த, ஓய்வுபெற்ற மூதாட்டி ஒருவரை மன்றோ வாரந்தோறும் சான்டியாகோவிலிருந்து வரவழைப்பார். அந்தச் சிறிய சமையலறையில் இரண்டு நடிகைகளும் வரிசையாக உட்கார்ந்து, பாட்டி சொல்லும் பழைய கதைகளைக் கேட்டபடி தலையைக் கொடுப்பார்கள். பிறகு சின்யோரே வேறு படப்பிடிப்புக்காக ஐரோப்பா திரும்பினார், உறவு நடந்தது, உலகப் பத்திரிகைகள் கைவிடப்பட்ட மனைவியின் முகத்தைப் படமெடுக்க வாசலில் நின்றன. அவர் எதுவும் பேசவில்லை. தான் அவளை எவ்வளவு வெறுக்கவில்லை என்பது மன்றோவுக்குக் கடைசிவரை தெரியாமலே போயிற்று என்று மட்டும் பின்னாளில் எழுதினார். திருமண வாழ்க்கை நீடித்தது, காயமும் நீடித்தது. அடுத்த பத்தாண்டில் அவர் முதுமையடைந்த வேகத்தை நண்பர்கள் எல்லோரும் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

அதே 1960 செப்டம்பரில், விடுதலை கேட்ட அல்ஜீரியாவை எதிர்த்துப் பிரான்ஸ் நடத்திய போரில் ஆயுதம் ஏந்த மறுக்கும் இளைஞர்களின் உரிமையை ஆதரித்து வெளியான 121 பேர் அறிக்கையில் சின்யோரே கையெழுத்திட்டார். கையெழுத்திட்ட கலைஞர்களுக்கு அரசு வானொலி, தொலைக்காட்சிக் கதவுகளை அரசாங்கம் அடைத்தது. ஆஸ்கர் வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. சொந்த வாழ்க்கை பத்திரிகைகளில் கிழிபட்டுக்கொண்டிருந்த வேளையில் இதை அவர் செய்தார் என்பதால், மேற்சொன்ன மன்றோ கதையை மட்டும் வைத்து அந்த ஆண்டை எழுதுகிறவர்கள் அவரைச் சரியாகப் படிக்கவில்லை என்பேன்.

1960களின் நடுப்பகுதி ஏற்ற இறக்கமானது. லிலியன் ஹெல்மனின் நாடகம் ஒன்றைத் தானே பிரெஞ்சில் பெயர்த்து 1962இல் மேடையேற்றினார், தோல்வி. லண்டன் ராயல் கோர்ட்டில் 1966இல் அலெக் கின்னஸுடன் மேக்பெத் சீமாட்டியாக நடித்தார். ஷேக்ஸ்பியரின் வரிகள் அவருடைய பிரெஞ்சு உச்சரிப்பில் சிதைந்துவிட்டதாக விமர்சகர்கள் கிழித்தார்கள். ‘ஷிப் ஆஃப் ஃபூல்ஸ்’ (1965) படத்தில் போதைமருந்துக்கு அடிமையான சீமாட்டியாக நடித்து மீண்டும் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது இக்காலத்தின் நல்ல பக்கம். கோஸ்டா காவ்ராஸின் முதல் படத்தில், இளைஞனிடம் மயங்கும், இளமை கடந்த நடிகை வேடத்தை 44 வயதில் ஏற்றது அடுத்த கட்டத்துக்கான அறிகுறி.

அந்தக் கட்டத்தைத் திறந்துவைத்தது ழான் பியேர் மெல்வில் இயக்கிய ‘நிழல்களின் படை’ (1969). ஆக்கிரமிப்புக் கால எதிர்ப்பியக்கத்தில் மத்தில்த் என்ற குடும்பப்பெண் ஆயுதக்குழுவின் மூளையாக இருக்கிறாள்; செவிலியாக வேடமிட்டு ஜெர்மானியச் சிறைக்குள்ளேயே போய்வருகிறாள். தலைவன் எச்சரித்தும், மகளின் புகைப்படத்தைப் பணப்பையிலிருந்து எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. பிடிபட்டதும் நாஜி ரகசியப் போலீசான கெஸ்டபோவின் கையில் அந்தப் படமே ஆயுதமாகிறது. வெளியே விடப்பட்ட அவளைத் தோழர்களே காரில் வந்து நடுத்தெருவில் சுட்டுக் கொல்கிறார்கள். கார் அருகே வந்து நிற்கும்போது மத்தில்த் திரும்பிப் பார்க்கும் அந்தப் பார்வை சில நொடிகளே நீடிக்கிறது. திகைப்பா, வேண்டுதலா, இதைத்தான் எதிர்பார்த்தேன் என்பதா என்று உறுதியாகச் சொல்லமுடியாது. முப்பது வயதுச் சின்யோரேயால் இந்தப் பார்வையைக் கொடுத்திருக்க முடியாது என்பது என் கருத்து. அதற்குள் எத்தனையோ ஆண்டுகள் இருக்கின்றன.

இதில் ஒரு வியப்பான தொடர்பும் உண்டு. போர் மூண்டபோது பிரித்தானி கடற்கரையில் குடும்பம் தங்கியிருந்ததால் சின்யோரே சில மாதங்கள் வான் நகரப் பள்ளியில் படித்தார். அங்கே அவருக்கு வரலாறு கற்பித்த இளம் ஆசிரியையே பின்னாளில் லூசி ஒப்ராக் என்ற பெயரில் எதிர்ப்பியக்கத்தின் மிகப் புகழ்பெற்ற பெண்களில் ஒருவரானார்; மத்தில்தின் சாயலில் அவர் இருப்பதாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். போர்க்காலத்தில் தன்னால் செய்யமுடியாததை, தன் ஆசிரியை செய்ததை, 48ஆம் வயதில் மாணவி நடித்துக்காட்டினார்.

மறு ஆண்டு வந்தது ‘ஒப்புதல் வாக்குமூலம்’. செக்கோஸ்லோவாக்கியாவில் 1952இல் நடந்த ஸ்லான்ஸ்கி வழக்கில் பொய்க் குற்றச்சாட்டில் சிறைப்பட்டு உயிர்தப்பிய ஆர்தர் லண்டன் என்ற கம்யூனிஸ்ட் துணை அமைச்சரின் உண்மைக் கதையைக் கோஸ்டா காவ்ராஸ் படமாக்கினார். மோந்தான் லண்டனாகவும், சின்யோரே அவர் மனைவி லீஸாகவும் நடித்தார்கள். கட்சி தவறு செய்யாது என்று நம்பி, கணவனைத் துரோகி என்று பகிரங்கமாகவே கைவிட்ட பெண் லீஸ். 1956இல் மாஸ்கோ விருந்துக்குப் போன இருவர் இந்த வேடங்களை ஏற்றது தற்செயல் அல்ல. பழைய தோழர்கள் பலர் இதற்காக அவர்களை மன்னிக்கவில்லை. லீஸை முட்டாளாகக் காட்டியிருந்தால் சின்யோரே எளிதில் தப்பித்திருக்கலாம். அவரோ அவளுடைய நம்பிக்கையை முழு மதிப்போடு நடித்தார், அதனால்தான் அந்த நம்பிக்கை உடையும் இடம் வலிக்கிறது.

‘பூனை’க்குப் பிறகு, அதே 1971இல், தன்னைவிட 14 வயது இளையவரான அலன் தெலோனுடன் ‘கூதெர்க்கின் விதவை’யில் நடித்தார். பின்பு 1977இல் மோஷே மிஸ்ராஹியின் ‘மதாம் ரோசா’. நாஜி வதைமுகாமான அவுஷ்விட்சிலிருந்து மீண்டுவந்த முன்னாள் விலைமகள் ஒருத்தி, பெல்வில்லில் மின்தூக்கி இல்லாத ஆறாம் மாடியில் விலைமகளிரின் பிள்ளைகளை வளர்க்கிறாள். மோமோ என்ற அரபுச் சிறுவன் அவளுடைய கடைசி நாட்களில் துணையிருக்கிறான். மூச்சிரைக்கப் படியேறும் அந்த வேடத்தில் நடிக்கும்போது சின்யோரேக்கு 56 வயது. படம் சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கரைப் பெற, பிரான்சின் செசார் விருது சின்யோரேக்குக் கிடைத்தது. ‘பொன்முடி’யின் மாரியும் இதே பெல்வில்லில் இதே தொழில் செய்தவள்தான். மாரிக்கு வயதானால் எப்படி இருப்பாள் என்பதற்கு 25 ஆண்டுக்குப் பின் அதே நடிகை விடைசொன்னது போலிருக்கிறது. உலக சினிமாவில் இப்படி நேர்ந்தது அரிது.

எழுத்து அவருடைய கடைசிப் பத்தாண்டின் பெரிய வேலையாயிற்று. 1976இல் வெளியான நினைவுக்குறிப்பு பெருவெற்றி பெற்றது. நடிகை இவ்வளவு நன்றாக எழுதமுடியாது, யாரோ எழுதிக்கொடுத்திருப்பார்கள் என்று பேச்சு கிளம்பியபோது அவர் கொதித்துப்போய் வழக்குத் தொடுத்தார். அழகு போய்விட்டது என்று எழுதியவர்கள்மீது வராத கோபம் இதற்கு வந்ததைக் கவனிக்கவேண்டும். 1985 தொடக்கத்தில் ‘போய் வா, வோலோதியா’ என்ற நாவலை வெளியிட்டார். போலந்திலிருந்தும் உக்ரைனிலிருந்தும் ஓடிவந்து பாரிஸின் மார் தெருவில் மென்மயிர்த் தோலும் துணியும் தைத்துப் பிழைத்த இரண்டு யூதக் குடும்பங்களை இருபதுகளிலிருந்து போர்முடிவு வரை தொடரும் பெரிய நாவல் அது. 1941இல் ஒளித்துவைத்த காமின்கெர் என்ற பெயரின் பக்கம் அவர் எழுத்தின் வழியாகத் திரும்பினார். நாஜிகளை எதிர்த்த புலம்பெயர் தொழிலாளர்களைப் பற்றிய ஓர் ஆவணப்படத்துக்கு அவர் குரல் கொடுத்திருந்தார். அதே 1985இல் அதைத் தொலைக்காட்சியில் காட்டுவதைக் கம்யூனிஸ்ட் கட்சி எதிர்த்ததால் பெரிய சர்ச்சை எழுந்தது. போலந்தில் ராணுவச் சட்டம் அமலில் இருந்த 1982இல் தத்துவவாதி ஃபூக்கோவுடன் மருந்துப் பொருட்களைக் கொண்டுபோன மருத்துவக் குழுவில் அவரும் இருந்தார். பார்வை மங்கிக்கொண்டே வந்தபோதும் இவை எதுவும் நிற்கவில்லை.

1985 செப்டம்பர் 30 அன்று நார்மந்தியில் ஒத்தேயி கிராமத்து வீட்டில் கணையப் புற்றுநோயால் தன் 64ஆம் வயதில் அவர் இறந்தார். பாரிஸின் பேர் லஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 1991இல் மோந்தானும் அங்கேயே வந்து சேர்ந்தார். கடல்தாண்டி மதிப்புப் பெறும் பழைய வழக்கம் இறந்தபின்னும் தொடர்ந்தது. தெகோலைப் புகழும் படம் என்று வெளியான காலத்தில் பிரெஞ்சு விமர்சகர்கள் ஒதுக்கிய ‘நிழல்களின் படை’, அமெரிக்கத் திரையரங்குகளுக்கு 2006இல்தான் முதன்முறையாகச் சென்றது. 37 ஆண்டுப் பழைய அந்தப் படத்தை நியூயார்க் விமர்சகர் வட்டம் அந்த ஆண்டின் சிறந்த வெளிநாட்டுப் படமாகத் தேர்ந்தெடுத்தது.